பெரியவளாகும் முன்னே பிள்ளையின் தாடையைப் பாருங்கள்



குழுக்களில் உள்கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களில் விதைக்கு, கறவை மாட்டுக்கு, மிளகுத் தோட்டத்துக்கு, காலேஜ் பீஸுக்கு என்று பலதும் இருக்கும். இப்போதெல்லாம் "மகளுக்குப் பல் கிளிப் போட" என்றும் ஒன்றிரண்டு வருகின்றன. விசாரித்தால் பெண்ணுக்கு 19, 20 வயது என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ "முன்பல்லு தூக்கலா இருக்கு" என்றோ "மோவாயே இல்லையே" என்றோ சொல்லியிருப்பார்கள். உடனே கடன். கடனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்: "பல்லைக் கொஞ்சம் உள்ளே இழுக்கலாம்மா. ஆனா இது பல்லால வந்த குறை இல்லை, தாடையால வந்தது. தாடை வளர்ந்து முடிஞ்சுபோச்சு. பத்துப் பதினோரு வயசுல கூட்டி வந்திருக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். மோவாய் சின்னது என்று ஒரு பெண்ணை வேண்டாம் என்பவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அது வேறு விஷயம், இங்கே வேண்டாம். தாடை அழகுக்கு மட்டும் உள்ளதல்ல. மென்று தின்பது, பேசுவது, மூக்கால் மூச்சு விடுவது, ராத்திரி நிம்மதியாகத் தூங்குவது எல்லாம் அதோடு சேர்ந்தவை.

பல் பயிர், தாடை நிலம்

பிறந்த குழந்தையை நன்றாகப் பாருங்கள். தலைதான் பெரிது, முகம் சின்னது. மண்டையை எட்டுப் பங்கு என்று வைத்தால் முகம் ஒரு பங்குதான். பெரியவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்றாகிவிடும். மூளை வேகமாக வளர்வதால் மண்டை ஓடு 6, 7 வயதிலேயே பெரியவர் அளவை நெருங்கிவிடுகிறது. முகம் அப்படியில்லை. அது மெதுவாக, பல வருடங்களுக்கு வளரும். அந்த வளர்ச்சியில் பெரும்பங்கு இரண்டு தாடைகளுடையது.

மேல்தாடைதான் மூக்கு, கன்னம், மேலுதடு எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் எலும்பு. அது இரண்டு பாதிகளாக வளர்ந்து அண்ணத்தின் நடுவில் சேர்கிறது. நாக்கால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தால் நடுவில் ஒரு கோடு தட்டுப்படும். பொருத்து இருப்பது அந்தக் கோட்டின் மேலேதான். சின்ன வயதில் அது இறுகாமல் இருக்கும். அதனால் மேல்தாடை அகலமாக முடிகிறது. சுமார் 15 வயதை நெருங்கும்போது அது இறுகிப் பூட்டிக்கொள்ள ஆரம்பிக்கும்.

கீழ்த்தாடையின் கதை இன்னும் சுவாரஸ்யம். பிறக்கும்போது அதுவும் இரண்டு துண்டுதான். ஒரு வயதுக்குள் மோவாயின் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அது முக்கியமாக எங்கே வளர்கிறது தெரியுமா? காதுப் பக்கத்தில். இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு குமிழ் நகரும். அதுதான் தாடை மூட்டு. அந்தக் குமிழின் உச்சியில் உள்ள குருத்தெலும்பு வளரும்போது மேலே மண்டை ஓடு தடுத்து நிற்பதால், தாடை முழுவதும் கீழேயும் முன்னேயும் தள்ளப்படுகிறது. வளர்வது காதருகே, முன்னுக்கு வருவது மோவாய். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கட்டுரையின் பாதி புரிந்துவிடும்.

இரண்டு தாடையும் திருகையின் மேல்கல், அடிக்கல் போல ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கடிக்கும்போது மேல்பல் வரிசை கீழ்வரிசையைச் சற்று மூடியபடி வெளியே நிற்க வேண்டும். கீழ்த்தாடை பின்தங்கிவிட்டால் மேல்பல் எடுப்பாகத் தெரியும், உதடு மூடாது, மோவாய் கழுத்துக்குள் போன மாதிரி இருக்கும். "மூக்கு நீளம்" என்று சொல்லும் பல பிள்ளைகளுக்கு மூக்கு நீளமே இல்லை. மோவாய் பின்னால் இருப்பதால் மூக்கு துருத்தித் தெரிகிறது, அவ்வளவுதான்! மாறாக மேல்தாடை வளர்ச்சி குறைந்தோ கீழ்த்தாடை கூடுதலாக வளர்ந்தோ போனால் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே வந்து நிற்கும். இளம் வயதிலேயே கிழவி முகம் மாதிரி கன்னம் உள்வாங்கித் தெரியும். தாடை குறுகலாக இருந்தால் பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சின்னப் பாத்தியில் நெருக்கி நட்ட வாழை மாதிரி. பல் என்கிற பயிரைக் குறை சொல்லிப் பயனில்லை, நிலத்தைப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் ஏன் வருகிறது? பாதி பரம்பரை. ஸ்பெயின் நாட்டை ஆண்ட ஹாப்ஸ்பர்க் ராஜ குடும்பத்தில் கீழ்த்தாடை நீண்ட முகம் தலைமுறை தலைமுறையாக வந்தது. அரண்மனை ஓவியங்களில் இன்றைக்கும் பார்க்கலாம். சொத்து வெளியே போகக் கூடாது என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்தார்கள். நான்காம் பிலிப் என்ற ராஜா உடன்பிறந்த தங்கையின் மகளையே கட்டினார். அவர்களுக்குப் பிறந்த இரண்டாம் சார்லஸ் (1661–1700) சரியாக மென்று தின்னவே சிரமப்பட்டார். பிள்ளை இல்லாமல் இறந்தார், அதோடு ஸ்பெயினில் அந்த வம்ச ஆட்சி முடிந்தது. ஓவியங்களையும் வம்சாவளியையும் ஒப்பிட்டு 2019-ல் ஸ்பெயின் ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உறவுக் கலப்பு அதிகமானவர்களுக்கே அந்தத் தாடை தூக்கலாக இருந்தது என்றார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொடுக்கும் நமக்கும் இது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனால் மீதிப் பாதி பரம்பரை இல்லை. அங்கேதான் நம்மால் செய்யக்கூடியது இருக்கிறது.

பெண் பிள்ளைக்குக் காலம் குறைவு

பிள்ளைகள் ஒரே சீராக வளர்வதில்லை. ஒரு கட்டத்தில் சடசடவென்று உயர்வார்கள். போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை பொங்கலுக்குக் கணுக்காலுக்கு மேலே போயிருக்கும். அந்த நேரத்தில்தான் கீழ்த்தாடையும் வேகம் எடுக்கும். பெண் பிள்ளைகளுக்கு இந்த வேகம், வயதுக்கு வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே உச்சத்தை எட்டிவிடுகிறது. அதாவது 10 முதல் 12 வயதுக்குள். ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான். வயதுக்கு வந்த பிறகும் பெண்ணின் தாடை கொஞ்சம் வளரும், ஆனால் வேகம் போய்விடும். 15, 16 வயதில் ஏறக்குறைய முடிந்துவிடும். பையன்களுக்கு 18 வரையும் அதற்கு மேலும் போகும்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பெண் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பிப்பதே சீர் செய்து உட்கார வைத்த பிறகுதான். பல்லைப் பற்றிப் பேச்சு வருவது கல்யாணப் பேச்சு வரும்போது. அதற்குள் தாடையின் காலம் கடந்துபோகிறது. பையனுக்கு 13, 14 வயதில் யோசித்தாலும் நேரம் இருக்கிறது. பெண்ணுக்கு இருப்பதில்லை. செலவு என்று வந்தால் "அவன் முதல்ல, இவளுக்கு அப்புறம்" என்று தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

வளர்ச்சி வேகத்தைக் கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். பிள்ளைக்கு 9 வயதானதும் கதவு நிலையில் முதுகைச் சேர்த்து நிற்க வைத்துக் கோடு போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுவாருங்கள். கோடுகளுக்கு நடுவில் இடைவெளி திடீரென்று கூடினால் அதுதான் நேரம். டாக்டரிடம் போகும்போது அந்தக் கணக்கைச் சொன்னால் அவருக்கும் உதவும்.

கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன செய்வார்கள்? 1977-ல் ஸ்காட்லாந்தில் வில்லியம் கிளார்க் என்ற பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒரு பையன் வந்தான். இன்னொரு பல் மருத்துவரின் மகன். கீழே விழுந்து மேல் முன்பல் பெயர்ந்துபோனது. பல்லைத் திரும்ப அதே குழியில் வைத்துப் பிடிக்க வைத்தார்கள். ஆனால் கீழ்த்தாடை பின்னால் இருந்ததால், கீழுதடு மேல்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு அந்தப் பல்லைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கிளார்க் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என இரண்டு பிளேட் செய்தார். இரண்டிலும் சரிவான கட்டைகள். வாயை மூடினால் கட்டைகள் ஒன்றோடொன்று சறுக்கி, கீழ்த்தாடை முன்னால் வந்துதான் கடிக்க முடியும். இதுதான் இன்று உலகமெல்லாம் போடப்படும் 'ட்வின் பிளாக்' பிளேட். நம் மாநிலப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் போடுகிறார்கள். கழற்றி மாட்டலாம். சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும். ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று பிடிக்கும். முதல் வாரம் பிள்ளை எச்சில் வடிக்கும், பேச்சு குழறும், அழும். அதைத் தாண்டிவிட்டால் பழகிவிடும்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்த பிளேட் எலும்பையே கூடுதலாக வளர்க்கிறதா, இல்லை பல்லை நகர்த்தி வளர்ச்சியைச் சரியான பக்கம் திருப்பிவிடுகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. பலனில் பெரும்பங்கு பல் நகர்வதால் வருவது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் வளரும் வயதில் போட்டால்தான் பலன் நன்றாக இருக்கும் என்பதில் வாதம் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "எட்டு வயசுலயே ஆரம்பிச்சிடலாம்மா" என்று சில இடங்களில் அவசரப்படுத்துவார்கள். எடுப்புப் பல்லைப் பொறுத்தவரை அவ்வளவு முந்த வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஆராய்ந்து பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சின்ன வயதிலேயே ஒரு முறை, பிறகு மறுபடி ஒரு முறை வைத்தியம். இன்னொரு கூட்டத்துக்கு வளரும் பருவத்தில் மட்டும். முடிவில் முகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முந்திச் செய்ததில், விழுந்து முன்பல் உடைவது மட்டும் குறைந்தது. அதனால் ஓயாமல் விழுந்து எழும் குறும்புக்காரப் பிள்ளை என்றால் யோசிக்கலாம். மற்றபடி இரண்டு முறை செலவு வேண்டாம்.

கீழ்ப்பல் வெளியே வந்து கடிக்கும் பிள்ளைக்கு இது பொருந்தாது. அங்கே தள்ளிப்போடக் கூடாது. மேல்தாடை அகலமாகவும் முன்னாகவும் இழுபடும் காலம் சீக்கிரம் முடிந்துவிடும். முன்பல் முளைத்து எதிர்க்கடி தெரிந்ததுமே, 7, 8 வயதிலேயே காட்டிவிடுங்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் 7 வயதுக்குள் ஒரு முறை எல்லாப் பிள்ளைகளையும் காட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காட்டுவது வேறு, கிளிப் போடுவது வேறு. காட்டிய பிள்ளைகளில் பலருக்கு அப்போது ஒன்றுமே செய்யத் தேவைப்படாது.

மோவாயில் அடிபட்டால்

எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நம் பிள்ளைகள் பலா மரத்தில் ஏறுகிறார்கள், பாறையில் சறுக்குகிறார்கள், பைக்கில் மூன்று பேராக வளைவில் திரும்புகிறார்கள். விழும்போது மோவாய் தரையில் மோதும். தோல் கிழிந்து ரத்தம் வரும். தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். காயம் ஆறிவிடும்.

ஆனால் மோவாயில் விழும் அடி அங்கேயே நிற்பதில்லை. எலும்பு வழியாகப் போய்க் காதுப் பக்கத்துக் குமிழைத் தாக்கும். குமிழின் கழுத்து மெல்லியது. அங்கே முறிவு ஏற்படலாம். வெளியே ஒன்றும் தெரியாது. வலிக்கிறது என்று பிள்ளை வாயைத் திறக்காமல் கஞ்சியாகவே குடிக்கும். நாமும் பாவம் என்று விட்டுவிடுவோம். மூட்டுக்குள் கட்டிய ரத்தம் மெல்ல எலும்பாக மாறி, தாடையும் மண்டை ஓடும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு வாயே திறக்காது. இந்தியாவில் இந்தத் தாடைப் பூட்டு நோய்க்கு முதல் காரணமே சிறு வயதில் விழுந்த அடிதான். காதில் சீழ் பிடித்து அது மூட்டுக்குப் பரவியும் வரலாம்.

வாய் திறக்காதது ஒரு பாதி. மறு பாதி என்னவென்றால், வளர்ச்சி நடக்கும் இடமே அந்தக் குமிழ்தான். அது கெட்டுவிட்டால் பிள்ளை வளர வளர, முகம் மட்டும் பின்தங்கும். இரண்டு பக்கமும் என்றால் மோவாய் உள்ளே போய்ப் பறவை முகம் போல ஆகிவிடும். நாக்கு பின்னால் சரிந்து, தூக்கத்தில் மூச்சுத் திணறும், பலத்த குறட்டை வரும். ஒரு பக்கம் மட்டும் என்றால் மோவாய் அந்தப் பக்கமாகக் கோணிக்கொள்ளும். இதில் ஏமாந்து போகிற இடம் ஒன்று உண்டு. அடிபட்ட பக்கத்துக் கன்னம் உப்பி நன்றாகத் தெரியும், நல்ல பக்கம்தான் நீண்டு சப்பையாகத் தெரியும். பார்ப்பவர்கள் நல்ல பக்கத்தில்தான் நோய் என்று நினைத்துவிடுவார்கள்.

அதனால் மோவாயில் தையல் போடும்போதே, "மூட்டையும் ஒரு தடவை பாருங்க, எக்ஸ்ரே எடுக்கணுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூச்சம் வேண்டாம். காதுக்கு முன்னால் வீங்கினாலோ, வாய் திறக்கும்போது மோவாய் ஒரு பக்கமாக இழுத்தாலோ, பல் முன்பு போலச் சேராவிட்டாலோ காத்திருக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறிவு பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே கூடிவிடும். ஆனால் டாக்டர் சொன்ன நாளிலிருந்து தினமும் வாயைத் திறந்து மூடிப் பயிற்சி செய்தாக வேண்டும். மூட்டு அசைந்துகொண்டே இருந்தால் ஒட்டாது. பிள்ளை தன் மூன்று விரலைச் சேர்த்துக் குத்துவாக்கில் முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா என்று பார்த்துவாருங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்தும் நுழையவில்லை என்றால், அல்லது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் உடனே கிளம்புங்கள்.

ஏற்கெனவே பூட்டிக்கொண்ட பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால் "அது அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம். ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து வாயைத் திறக்க வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. விலா எலும்பின் குருத்தை எடுத்து அந்த இடத்தில் வைப்பதும் உண்டு. எலும்பை வெட்டி, கருவி பொருத்தி, தினமும் சிறிது சிறிதாக நகர்த்தித் தாடையை நீட்டும் முறையும் உண்டு. கால் எலும்பை நீட்டுவதற்காக ரஷ்யாவில் இலிசாரோவ் என்ற மருத்துவர் கொண்டுவந்த முறை அது, பிறகு 1990-களில் தாடைக்கும் வந்தது. ஆபரேஷன் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் வாய்ப் பயிற்சி செய்ய வேண்டும். அதை விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வலியில் பிள்ளை அழும்போது செய்ய வைக்கிற பாரம் தாயின் தலையில்தான் விழுகிறது. குழு உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு உதவலாம்.

வாய் திறந்து தூங்கும் பிள்ளை, கை சூப்பும் பிள்ளை

உதட்டை மூடி, மூக்கால் மூச்சு விடும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கும். வெளியே கன்னம் அழுத்த, உள்ளே நாக்கு தாங்கிப் பிடிக்க, மேல்தாடை நல்ல வளைவாக அகலும். மூக்கு அடைத்து வாயால் மூச்சு விட்டால் நாக்கு கீழே இறங்கிவிடும். கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிஞ்சும். மேல்தாடை குறுகி, அண்ணம் குழிந்து, முகம் நீண்டு போக வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் ஹார்வோல்ட் என்ற மருத்துவர் 1970-களில் குரங்குக் குட்டிகளின் மூக்கை அடைத்து வளர்த்துப் பார்த்தார். அவற்றின் தாடையும் பல் வரிசையும் மாறிப்போயின. குரங்குகள் பாவம்தான். ஆனால் மூச்சுக்கும் முகத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதை அது காட்டியது.

நம் மலையில் குளிர் காலத்தில் மூக்கடைப்பு சாதாரணம். கதவைச் சாத்திக்கொண்டு விறகு எரித்தால் புகையும் சேர்ந்துகொள்கிறது. சளி பிடித்த சில நாட்கள் வாயால் மூச்சு விடுவதைப் பற்றிக் கவலையில்லை. மாதக்கணக்கில் வாய் திறந்தே தூங்குகிறது, குறட்டை விடுகிறது, பகலில் தூங்கி வழிகிறது என்றால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் முதலில் போக வேண்டும். மூச்சைச் சரி செய்யாமல் பல்லுக்கு மட்டும் கிளிப் போட்டால் செலவு வீண்.

கை சூப்புவது 3, 4 வயது வரை இயற்கை. பெரும்பாலான பிள்ளைகள் தானாக விட்டுவிடும். நிலைப்பல் முளைக்கும் 6 வயதிலும் தொடர்ந்தால் மேல்பல் முன்னே தள்ளும், முன்பற்களுக்கு நடுவே சந்து விழும். வேப்பெண்ணெய் தடவுவது, சூடு வைப்பேன் என்று மிரட்டுவது எல்லாம் பிள்ளையை ஒளிந்து சூப்ப வைக்கும். சூப்பாத நாளுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்து அது மிரட்டலைவிட நன்றாக வேலை செய்கிறது.

சாமைச் சோறும் தாடையும்

வேலை கொடுத்தால்தான் எலும்பு திடமாகும், தாடையும் அப்படித்தான். தாய்ப்பால் இழுத்துக் குடிக்கும் குழந்தை தாடைத் தசைகளை நன்றாக வேலை வாங்குகிறது. நீண்ட நாள் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளுக்குப் பல் வரிசைக் கோளாறு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 1980-களில் ராபர்ட் கொருச்சினி என்ற அமெரிக்க மானிடவியலாளர் நம் நாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து சண்டிகர் பகுதியில் ஆராய்ந்தார். ஒரே மக்கள், ஆனால் கிராமத்தில் கடினமான சாப்பாடு, நகரத்தில் மெத்தென்ற சாப்பாடு. நகரத்துப் பிள்ளைகளுக்கே பல் ஒழுங்கு கெட்டிருப்பது அதிகமாக இருந்தது.

கடந்த சில பத்தாண்டுகளில் நம் மலையில் சாமையும் தினையும் வரகும் விளைந்த காடுகளில் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி ஏறிக்கொண்டது. ரேஷன் அரிசி குழைந்த சோறாக வந்தது, கடையில் பிஸ்கட் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்க மகளிர் குழுக்களோடு வேலை செய்தது சத்துக்காகவும் விதைக்காகவும்தான். தாடைக்காக அல்ல. சாமைச் சோறு தின்றால் தாடை நிமிர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை, வெந்த சாமையும் மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் பிள்ளைக்கு 2 வயது தாண்டிய பிறகும் எல்லாவற்றையும் பிசைந்து, கரைத்து ஊட்டுவதை நிறுத்தலாம். கொய்யா, கேரட், ராகிக் களியோடு கடித்துத் தின்ன ஒரு வெங்காயம், பல் வலுவான பிள்ளைக்குச் சுட்ட சோளக்கதிர், கரும்பு என்று மென்று தின்ன வையுங்கள். பிஸ்கட் குறைந்தால் சொத்தையும் குறையும்.

சொத்தை என்றதும் ஒன்று. "விழப்போற பல்லுதானே" என்று பால்பல் கடைவாயைப் பிடுங்கிவிடுகிறோம். அந்தப் பல் 10, 11 வயது வரை இருந்து நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டியது. முன்கூட்டியே போய்விட்டால் பின்னால் 6 வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப்பல் முன்னே சாய்ந்து அந்த இடத்தை ஆக்கிரமித்துவிடும். வரப்பை எடுத்துவிட்டால் பக்கத்துக் காட்டுக்காரர் ஏர் ஓட்டிவிடுகிற மாதிரி. முடிந்தவரை அடைத்துக் காப்பாற்றச் சொல்லுங்கள். பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இடம் காக்கும் வளையம் போட முடியுமா என்று கேளுங்கள். அந்த 6 வயதுக் கடைவாய்ப்பல் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் புதிதாக முளைப்பது. அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது ஆயுசுக்கும் ஒன்றுதான்.

எங்கே காட்டுவது?

தேசிய சிறார் நலத் திட்டத்தில் (2013-ல் தொடங்கியது) நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். வரும் நாளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்புங்கள். உதடு பிளவு, அண்ணப் பிளவு, காதில் சீழ், பல் நோய் எல்லாம் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உள்ளவை. முடிந்தால் தாயும் கூடப் போய், "வாய் திறக்க மாட்டேங்குது", "கீழ்ப்பல்லு வெளியே கடிக்குது" என்று எடுத்துச் சொல்லுங்கள். நெரிசலில் அவர்கள் கண்ணில் படாமல் போகலாம்.

அடிபட்ட பிள்ளையைச் செம்மேடு அரசு மருத்துவமனையில் காட்டி, தேவைப்பட்டால் நாமக்கல் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளேட், கிளிப் வேலைக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைந்தவை. சேலத்திலும் திருச்செங்கோடு பக்கத்திலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரி என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சேருமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். சந்தேகத்துக்கு 104 எண்ணுக்குப் போன் செய்யலாம்.

70 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது எங்களுக்கும் தெரியும். பிளேட் போட்ட பிள்ளையை மாதம் ஒரு முறையோ ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறையோ அழைத்துப் போக வேண்டி வரும். ஒரே ஊரில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் ஒரே தேதியாகக் கேட்டு வாங்கி, முறை வைத்து ஒருவர் மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். முதல் தடவை மட்டும் அந்தந்தப் பிள்ளையின் தாய் கண்டிப்பாகப் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, கதவு நிலையில் எடுத்த உயரக் கணக்கு இவற்றோடு, பெண் பிள்ளை என்றால் வயதுக்கு வந்துவிட்டாளா, வந்த தேதி என்ன என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எந்த பிளேட், எத்தனை மாதம் என்று முடிவு செய்ய அவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.